மச்சான் உப்பிட்ட தாடை

மேல் உதட்டைக் கொஞ்சம் தூக்கி, முன்பற்களுக்கு மேலே, மூக்குத் துவாரம் தொடங்கும் இடத்தில் விரலை வையுங்கள். அந்த எலும்புக்குள்ளே ஒரு சின்னக் கால்வாய் இருக்கிறது. எனக்கு மட்டும் இல்லை, உங்களுக்கும் இருக்கிறது; பயப்பட வேண்டாம். இடியப்ப உரலின் துளையைவிட ஒடுக்கம். முன்பற்களுக்கு உணர்ச்சி கொடுக்கும் ஒரு நரம்பும், நூல் போன்ற ஒரு இரத்தக் குழாயும் அதற்குள்ளே ஓடுகின்றன. ஐம்பது வயதை நெருங்கும்வரை அது தன் வேலையைப் பார்த்தது, நான் என் வேலையைப் பார்த்தேன். எங்களுக்குள் அறிமுகம் கிடையாது. இப்போது திருகோணமலைத் துறைமுகத்தைவிட அந்தக் கால்வாய்தான் எனக்கு நன்றாகத் தெரியும்.

துறைமுகத்தில் என் வேலையைப் பெரிதாக நினைக்க வேண்டாம். மூதூருக்குச் சனம் ஏற்றும் மோட்டார்ப் படகில், எங்கள் பேச்சில் லோஞ்சில், டிக்கட் கிழித்துக் கொடுப்பவன். சண்டைக் காலத்தில் அந்த லோஞ்சு நினைத்த பக்கம் போக முடியாது. கடற்படை காட்டிய கோட்டில் போக வேண்டும், அதே கோட்டில் வர வேண்டும். விலகினால் முதலில் சுட்டுவிட்டுப் பிறகுதான் ஏன் விலகினாய் என்று கேட்பார்கள். சனம் பைகளைக் கட்டிப் பிடித்துக்கொண்டு வாய் திறக்காமல் இருக்கும். அந்த அமைதி எனக்கு ஒத்துவராது. அதனால் டிக்கட்டோடு சனம் சிரிக்க ஒரு பகிடியையும் சேர்த்துக் கொடுக்கத் தொடங்கினேன். கொஞ்சக் காலத்தில் பரமநாதன் என்ற பெயர் சம்பளத் துண்டில் மட்டும் மிஞ்சியது. இரண்டு கரையிலும் நான் பகிடிப் பரமு.

வாயால் பிழைத்தவனுக்கு நோய் வாயிலேயே வந்தது. இந்தப் பகிடியை நான்தான் யோசித்திருக்க வேண்டும். கடவுள் முந்திக்கொண்டார்.

முதலில் நோகவில்லை. அதுதான் ஏமாற்று. ஒரு நாள் கொய்யாக்காயைக் கடித்தபோது இடப்பக்கத்து முன்பல் ஒன்று என்னுடையது இல்லைப் போல இருந்தது. பக்கத்துப் பல் கடித்தது எனக்குத் தெரிந்தது. இது கடித்தது தெரியவில்லை. மரத்திருந்தது. நோகாத பல்லைக் கொண்டுபோய் டொக்டரிடம் காட்ட வெட்கமாக இருந்ததால் அப்படியே விட்டேன். பிறகு அதே இடத்தில் சுண்டி இழுக்கிற நோ ஒன்று தொடங்கியது. தண்ணீர் குடித்தால் இழுக்கும். காற்றுப் பட்டால் இழுக்கும். சிரித்தால் மட்டும் ஏனோ இழுக்காது.

எங்கள் ஆசுபத்திரிப் பல் டொக்டர் அந்தப் பல்லைப் பிடுங்கினார். நோ போகவில்லை. பக்கத்துப் பல்லையும் பிடுங்கினார். அதற்கும் போகவில்லை. லோஞ்சில் நான் வாயைத் திறந்ததும், மூதூரில் துணிக்கடை வைத்திருந்த காசிம் நானா முதல் வரிசையிலிருந்து கேட்டார்.

"என்ன பரமு, வாசல் கதவைக் கழட்டி வச்சிருக்கிறீங்கள்?"

"நேவிக்காரன் வாங்கி வச்சிட்டான் நானா. கூரான சாமான் கொண்டு போகக் கூடாதாம்."

சனம் சிரித்தது. ஆனால் பல் பிடுங்கிய புண் ஆறவில்லை. அதற்குப் பின்னால், மேல்வாயில், புளியங்கொட்டை அளவில் ஒரு தடிப்பு வந்தது. நாக்கு நாள் முழுக்க அங்கேயே போய்ப் போய்த் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் வேண்டாம் என்றாலும் கேட்கவில்லை.

பல் டொக்டர் அதைப் பார்த்ததும் பிடுங்குகிற சாமானைக் கீழே வைத்தார். மெலிந்த மனிதர், அதிகம் கதைக்காதவர். அன்றைக்குக் கதிரையை இழுத்துப்போட்டு என் முன்னால் இருந்தார். எக்ஸ்ரே வந்த உறையின் பின்பக்கத்தில் பேனையால் ஒரு முகம் கீறினார். கண்ணுக்குக் கீழே எலும்பில் ஒரு பெரிய நரம்பு வருகிறது. அதிலிருந்து ஒரு கிளை பிரிந்து, தனக்கென்று ஒரு சின்னக் கால்வாய்க்குள்ளே புகுந்து, முதலில் வெளிப்பக்கம் போய், பிறகு கன்ன எலும்பின் முன்பக்கத்தில் இறங்கி, ஒரு வளைவு வளைந்து, மூக்கோரத்துக்கு வந்து, முன்பற்களுக்கு மேலே முடிகிறது. நேரான வழி இருக்கச் சுற்றி வளைத்துப் போகிறது. அரசாங்கக் கந்தோரில் வேலை செய்திருக்க வேண்டிய நரம்பு.

"இந்தத் தடிப்பில கனக்க வகை இருக்கு," என்றார் டொக்டர். "சிலது இருந்த இடத்திலேயே இருக்கும். சிலதுக்கு நரம்பு வழி போறதெண்டால் விருப்பம். இந்தக் கால்வாய்க்குள்ள புகுந்து, கீழ இருந்து மேல ஏறும். வளைவுக்கு இங்கால நிண்டால் வெட்டி எடுக்கலாம். வளைவைத் தாண்டிப் பெரிய நரம்பைத் தொட்டுதெண்டால், அதுக்குப் பிறகு மண்டைக்குத்தான் பாதை."

"இப்ப எங்க நிக்குது டொக்டர்?"

"அது தெரியாது. முதல்ல என்ன வகையெண்டு தெரிய வேணும்."

ஆகவே வளைவுதான் விஷயம். அது வளைவைத் தாண்ட முதல் நாங்கள் அதைப் பிடிக்க வேண்டும். அன்றிலிருந்து என் உயிர் அந்த ஒரு வளைவில் நின்றது.

டொக்டர் தடிப்பில் ஒரு சின்னத் துண்டை வெட்டி, மூக்கை எரிக்கும் மருந்து ஊற்றிய போத்தலில் போட்டார். சதை கெடாமல் வைத்திருக்கும் மருந்து அது. துண்டைப் பூதக்கண்ணாடியில் பார்த்துச் சொல்ல எங்கள் ஊரில் ஆள் இல்லை. கொழும்புக்குப் போக வேண்டும். தபாலில் போட்டால் எப்போது போய்ச் சேரும் என்று தபால்காரருக்கே தெரியாது. அந்த நாளில் நோயாளியின் சதை நோயாளியின் சொந்தக்காரரோடு பஸ்ஸில்தான் பயணம் செய்யும். மடியில் வைத்துக் கொண்டுபோவார்கள்.

கொண்டுபோக முன்வந்தவன் என் மச்சான் யோகன், என் மனைவி தவமணியின் தம்பி. கருவாட்டு வியாபாரி. குச்சவெளிப் பக்கம் வாங்கி, திருகோணமலை ரவுணில் விற்று, மிச்சத்தை லொறியில் ஏற்றிச் சிங்கள ஊர்களுக்கு அனுப்புகிறவன். அதனால் சந்தைச் சிங்களம் நன்றாக வரும். அவன் எங்கள் வீட்டுக்கு வருவதை முதலில் மூக்குதான் அறிவிக்கும். எனக்கு வைத்தியம் பார்ப்பதை அவன் தன் சொந்த வியாபாரம் போல எடுத்துக்கொண்டான்.

போய் மூன்றாம் நாள் திரும்பி வந்தான். குசினிக்குள், அடுப்புக்குப் பக்கத்தில் பலகையில் குந்தி, சோற்றைப் பிசைந்தபடி கதை சொன்னான்.

"வழியில செக்பொயின்ற்றில இறக்கிச் சோதிச்சாங்கள் அக்கா. ஒரு ஆமிக்காரன் போத்தலைத் தூக்கி வெளிச்சத்துக்குப் பிடிச்சுப் பார்த்தான். பிறகு என்ட கையில தந்து, குடி எண்டான்."

அந்தக் காலத்தில் அது வழக்கம். போத்தலில் என்ன இருந்தாலும் ஒரு வாய் குடித்துக் காட்ட வேண்டும். குடித்தவன் விழாவிட்டால் அது வெடிமருந்து இல்லை.

"என்னத்தையடா குடிக்கச் சொன்னவன்?" என்றாள் தவமணி.

"அத்தானைத்தான்."

தவமணி கரண்டியைக் கீழே வைத்தாள்.

"நான் சொன்னன், மாத்தயா, இது எங்கட அத்தானிட வாய் எண்டு. அவன் திரும்பவும் உத்துப் பார்த்தான். முகம் வெளுத்துப் போச்சு. மருந்தை ரோட்டோரத்தில ஊத்திப்போட்டு, துண்டை மட்டும் போத்தலுக்க விட்டுத் தந்தான். நல்லவன் அக்கா. துண்டை எறியேல்ல."

"ஐயோ, மருந்தில்லாமல் என்னடா செய்தனி?"

"என்னட்டக் கேக்கிறீங்களே? நான் மீன் காணாதவனே? அடுத்த தேத்தண்ணிக் கடையில கல்லுப்பு வாங்கினன். அடியில ஒரு படை, மேல ஒரு படை, நடுவில அத்தான். கொழும்பு போய்ச் சேரும் மட்டும் ஒரு மணம் வரேல்ல. பிறகு கருவாட்டைக் கழுவுற மாதிரி வடிவாக் கழுவி, சுத்தத் தண்ணி விட்டு, மூடிக் குடுத்தனான்."

"அங்க கேக்கேல்லையோ?"

"கேட்டால் மருந்து எங்க எண்டு திருப்பி அனுப்பிப் போடுவாங்களெண்டு நான் வாய் திறக்கேல்ல."

வீடே அவனைப் பாராட்டியது. நானும்தான். "வெயிலில காய விடாமல் கொண்டு போனியே, அது பெரிய உபகாரம்," என்றேன். அவன் வெட்கத்தோடு சிரித்து இன்னும் கொஞ்சம் சோறு போட்டுக்கொண்டான். அடுத்த வாரம் முழுக்க லோஞ்சில் அந்தக் கதைதான் ஓடியது. நான் சொன்னவற்றில் அதுதான் மிக நல்ல பகிடி என்று காசிம் நானாவே ஒப்புக்கொண்டார்.

கொழும்பிலிருந்து பதில் வர நீண்ட நாள் எடுத்தது. துண்டு கெட்டுவிட்டது, எதுவும் சொல்ல முடியாது, திரும்ப வெட்டி அனுப்புங்கள் என்று பல் டொக்டருக்கு அறிவித்திருந்தார்கள். ஏன் கெட்டது என்று அவருக்குத் தெரியாது. எங்களுக்கும் தோன்றவில்லை, உப்பிட்ட எதுவும் கெட்டு எங்கள் வீட்டில் யாரும் பார்த்ததில்லை. "கொழும்புக்காரருக்கு வைக்கத் தெரியேல்ல," என்றான் யோகன். நாங்களும் தலையாட்டி ஓம் என்றோம்.

திரும்ப வெட்டுவதற்கு நாள் குறித்தபோது எங்கள் பக்கம் சண்டை பிடித்துக்கொண்டது. ரோட்டை மூடினார்கள், திறந்தார்கள், மூடினார்கள். ஒரு முறை போனபோது அந்த மருந்து கையிருப்பில் இல்லை. அடுத்த முறை மருந்து இருந்தது, டொக்டர் இல்லை; காயக்காரர் வந்து குவிந்ததால் அவரைச் சத்திரசிகிச்சை அறையில் உதவிக்கு நிறுத்தியிருந்தார்கள். கால் போனவன் முன்னால் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்க எனக்கே கூச்சமாக இருந்தது. வீட்டுக்குத் திரும்பினேன். தடிப்பு காத்திருக்கவில்லை. மூக்கோரம் மரத்தது. மேலுதடு பாதி மரத்தது. தேத்தண்ணீர் குடித்தால் சட்டையில் ஊற்றிய பிறகுதான் எனக்குச் செய்தி வரும்.

கடைசியில் தவமணி ஒரு முடிவெடுத்தாள். "இந்த முறை துண்டாக அனுப்புறேல்ல. முழு ஆளாக் கொண்டு போவம்."

கொழும்பில் ஒரு லொட்ஜில் தங்கினோம். பொலிஸில் பெயர் பதிந்தோம். வந்த காரணத்தைக் கேட்டார்கள். வாயைத் திறந்து காட்டினேன். வேறு கேள்வி கேட்கவில்லை. ஆசுபத்திரிக் காத்திருப்பு மண்டபத்து நீள வாங்கில், ஒவ்வொருவரும் முகத்தின் ஒரு பகுதியைத் துவாயால் மறைத்தபடி இருந்தோம். திருமண வீட்டுக்கு வந்த வெட்கக்காரக் கூட்டம் போல. ஆட்கள் உள்ளே போகப் போக நாங்கள் அந்த வாங்குப் பலகை வழியே இருந்தபடியே அரைந்து அரைந்து முன்னேறினோம். தவமணி என் பக்கத்தில் ஒரு தேர்மோஸ் கஞ்சியோடு அரைந்தாள். பயத்தைப் பற்றி எழுத வேண்டுமென்றால் அதைத்தான் எழுத முடியும்: கதவு கிட்ட வர வர, எனக்குப் பின்னால் வந்தவரை முன்னால் போகச் சொல்லி இடம் விட்டுக் கொடுத்தேன். தவமணி என் முழங்கையைப் பிடித்துத் திரும்ப இழுத்து வைத்தாள்.

துண்டு வெட்டினார்கள். இந்த முறை அது மாடிப்படி மட்டும்தான் பயணம் செய்தது. ஸ்கான் எடுத்தார்கள். எக்ஸ்ரே ஒரு பக்கத்துப் படம் என்றால், ஸ்கான் பேக்கரிப் பாணை வெட்டுவதுபோல முகத்தைத் துண்டு துண்டாக வெட்டிக் காட்டுகிற படம். பெரிய டொக்டர் சிங்களவர். அவருக்குக் கீழே வேலை செய்த மட்டக்களப்புப் பிள்ளை ஒருத்திதான் எங்களுக்குத் தமிழில் சொன்னாள். மேசையில் ஒரு மண்டையோடு இருந்தது. அதன் முன்பற்கள் எல்லாம் பழுதில்லாமல் இருந்ததில் எனக்குக் கொஞ்சம் பொறாமை.

அந்தப் பிள்ளை மெல்லிய கம்பி ஒன்றை மண்டையோட்டின் கண் குழிக்குக் கீழே வைத்து, கால்வாய் போகும் வழியைக் காட்டினாள். உமிழ்நீர்ச் சுரப்பியில் தொடங்குகிற ஒரு புற்றுநோய் என்றாள். மெதுவாக வளர்வது, ஆனால் நரம்பை விடாமல் பிடித்துக்கொண்டு போவது. படத்தில் மற்றப் பக்கத்துக் கால்வாய் மயிரிழையாகத் தெரிந்தது. என் இடப்பக்கத்துக் கால்வாய் பென்சில் கோடு போலத் தடித்திருந்தது. வளைவு வரை தடித்திருந்தது. வளைவுக்கு மேலே சொல்ல முடியவில்லை.

அறை மிகவும் அமைதியாகிவிட்டது. லோஞ்சு அமைதி. எனக்கு ஒத்துவராது என்று சொன்னேனே. ஆகவே கையில் இருந்த மிக நல்ல பகிடியை எடுத்தேன். போத்தல், ஆமிக்காரன், கல்லுப்பு, அடியில் ஒரு படை, மேலே ஒரு படை, எல்லாவற்றையும் பாதி உதட்டால் சொல்லி முடித்தேன்.

அந்தப் பிள்ளை சிரிக்கவில்லை.

"உப்புப் போட்டதா?" என்றாள். "ஐயா, உப்பு தண்ணிய இழுத்திரும். சதையில இருக்கிற சின்னச் சின்ன அறையெல்லாம் சுருங்கிப் போகும். பிறகு பச்சைத் தண்ணியில ஊறப் போட்டா ஊதி வெடிச்சிரும். கண்ணாடியில பார்க்க ஒண்டும் மிஞ்சாது."

தவமணிதான் கேட்டாள். "அப்ப, அந்த முதல் போத்தல் நல்லபடியா வந்திருந்தால்?"

"அப்பவே தெரிஞ்சிருக்கும். வளைவுக்கு இங்கால இருக்கக்குள்ள வெட்டி இருக்கலாம்." எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தாள். "சில நேரம். நிச்சயமாச் சொல்ல ஏலா அம்மா. யார் உப்புப் போட்டது?"

"தேத்தண்ணிக் கடைக்காரன்," என்றேன்.

மாடிப்படியில் இறங்கும்போது தவமணி என்னைப் பார்க்கவில்லை. கைபிடிச் சுவரைப் பார்த்தபடி சொன்னாள். "தம்பிக்குத் தெரிய வேண்டாம்."

"எனக்கே தெரியாது," என்றேன்.

மேல்தாடையின் இடப்பக்க முன்பாதியை எடுத்தார்கள். நரம்பைக் கால்வாய் வழியே துரத்திப் போய், வளைவையும் தாண்டி, கத்தி போகக்கூடிய இடத்தில் நிறுத்தி வெட்டினார்கள். நான் கண் விழித்தபோது மூக்கில் ஒரு குழாய் இருந்தது. கஞ்சி அதன் வழியே போனது. ருசி பார்க்கும் பொறுப்பு இல்லாமல் சாப்பிடுவது ஒரு தனி அனுபவம்.

பக்கத்துக் கட்டிலில் ஆமிக் கோப்ரல் ஒருவர். மீசைக்காரர். குண்டுத் துண்டு பட்டுக் கீழ்த்தாடை நொறுங்கிப்போய்க் கம்பியால் கட்டியிருந்தார்கள். எனக்கு மேல் பாதி இல்லை, அவருக்குக் கீழ் பாதி இல்லை. இருவரையும் சேர்த்தால் ஒரு முழு வாய் தேறும். அந்த வாய் எந்த மொழியில் கதைப்பது என்பதுதான் பிரச்சினையாக இருந்திருக்கும். நல்லவேளையாக இருவராலும் கதைக்க முடியவில்லை, பிரச்சினை வரவில்லை. அவர் கையால் வெடிப்பதுபோல் காட்டி, உனக்கும் அப்படியா என்று புருவத்தால் கேட்டார். நான் பல் பிடுங்குவதுபோல் காட்டினேன். அவர் தோள் குலுங்கியது. சிரித்ததில் கம்பி இழுத்து, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இன்றுவரை எனக்கு அமைந்த மிக நல்ல ரசிகர் அவர்தான்.

யோகன் பார்க்க வந்தான். வெறுங்கையோடு வரத் தெரியாதவன். ஒரு பெரிய பார்சல் நெத்தலிக் கருவாடு கொண்டுவந்தான். வார்டில் மெல்லக்கூடிய ஒரு வாய்கூட இல்லை. ஆகவே அதைக் கோப்ரலின் அம்மாவிடம் கொடுத்தான். லொட்ஜ் செலவையும் அவன்தான் பார்த்துக்கொண்டான் என்று எனக்குத் தெரியும். அதைப் பற்றிக் கேட்கக் கூடாது என்பது தவமணி போட்ட சட்டம். பிறகு, என் கட்டிலின் கால்மாட்டில் இருந்துகொண்டு, அந்த அம்மாவுக்குச் சந்தைச் சிங்களத்தில் போத்தல் கதையைச் சொல்லத் தொடங்கினான். கைகளை வைத்தே எனக்கு விளங்கியது. அடியில் ஒரு படை. மேலே ஒரு படை. அந்த அம்மா அவன் தலையைத் தடவி, நல்ல தம்பி என்றார். தவமணி எழுந்து தண்ணீர் எடுக்கப் போனாள். போத்தல் நிறையத் தண்ணீர் இருந்தது.

எனக்குக் கதைக்க முடியாமல் இருந்ததற்கு அன்று ஒரு நாள்தான் சந்தோஷப்பட்டேன்.

பிறகு எனக்கு ஒரு பிளேட் செய்து தந்தார்கள். பொய்ப்பல் கட்டியது போன்றது, ஆனால் அதன் முதுகில் ஒரு குமிழ் இருக்கும். மேல்வாயில் இருக்கும் ஓட்டையை அது அடைக்கும். அதைப் போட்டால் நான் மனிதன். கழற்றினால் நான் கதைப்பதெல்லாம் மூக்கு வழியே போகும், குடிப்பதும் அதே வழியில் வரும். கண்ணாடியில் பார்த்தேன். இடப்பக்கம் கொஞ்சம் உள்ளே விழுந்த முகம். அடையாள அட்டையில் இருப்பவனுடைய அண்ணன் என்று சொல்லலாம்.

வெட்டிய நரம்பின் மேல் நுனியையும் பூதக்கண்ணாடியில் பார்த்தார்கள். அந்தப் பிள்ளை வந்து கட்டில் ஓரத்தில் நின்றாள். நிற்கிற விதத்திலேயே தெரிந்தது.

"நுனியிலயும் இருக்கு ஐயா."

"இன்னும் மேல வெட்டினால்?"

"கண்ணையும் எடுக்க வேணும். எடுத்தாலும் முடிஞ்சுதெண்டு சொல்ல ஏலா. பெரிய டொக்டர் வேணாம் எண்டுறார். கரண்ட் பிடிப்பம்."

கரண்ட் பிடிப்பது என்று எல்லோரும் சொல்வது கதிர் சிகிச்சையை. மின்சாரம் இல்லை, மெசினுக்குக் கீழே அசையாமல் படுக்க வேண்டும், கண்ணுக்குத் தெரியாத கதிர் நோயைச் சுடும், கூடவே வாயையும் சுடும். வாயெல்லாம் வெந்து, எச்சில் வற்றி, முகத்தில் பாதித் தாடி மட்டும் முளைக்காமல் போனது. எங்கள் பக்கத்தில் அப்போது மின்சாரமே ஒழுங்காக வராத காலம். எனக்கு மட்டும் தனியாகக் கரண்ட் பிடித்துக் கொடுத்த அரசாங்கத்தை நான் குறை சொல்ல முடியாது.

வீட்டுக்கு அனுப்பும்போது அந்தப் பிள்ளை பஞ்சை நூலாகத் திரித்து, என்னைக் கண்ணை மூடச் சொல்லி, இடக் கண்ணுக்குக் கீழே தொட்டாள். தெரிந்தது. இரண்டாம் முறையும் தெரிந்தது.

"நல்லது. பெரிய நரம்பு இன்னும் வேலை செய்யுது. வீட்டில ஒவ்வொரு நாளும் இப்படிப் பாருங்க. இந்த இடம் மரத்துப் போச்செண்டா அது மேல சேர்ந்திட்டு எண்டு அர்த்தம். உடனே வாங்க."

"வந்தால்?"

"வாங்க ஐயா," என்றாள். வந்தால் என்ன செய்வார்கள் என்று அவள் சொல்லவில்லை. நல்ல பிள்ளை. பொய் சொல்லத் தெரியவில்லை.

இப்போது கொஞ்சக் காலமாக எங்கள் பக்கம் சத்தம் குறைவு. ரோட்டு திறந்திருக்கிறது. லோஞ்சு ஓடுகிறது, என் இடத்தில் வேறொருவர் டிக்கட் கொடுக்கிறார். அவர் பகிடி விடுவதில்லை என்று காசிம் நானா வந்து முறையிட்டுவிட்டுப் போனார். இந்த ஓய்வில்தான் இதை எழுதுகிறேன். நோகாமல் மரக்கிற பல் யாருக்காவது இருந்தால், வெட்கப்படாமல் டொக்டரிடம் போங்கள். சதைத் துண்டைக் கொண்டுபோகிறவர் யாராக இருந்தாலும், மருந்து கொட்டிவிட்டால் கொட்டிவிட்டது என்று சொல்லுங்கள். இவ்வளவுதான் எனக்குத் தெரிந்த வைத்தியம்.

தொட்டுப் பார்க்கும் வேலையை யோகன் எடுத்துக்கொண்டான். பஞ்சு அவனுக்குச் சரிவரவில்லை. வெள்ளைக் கோழி இறகு ஒன்றைக் கழுவிக் காயவைத்துச் சட்டைப் பையில் வைத்திருக்கிறான். காலையில் சந்தைக்குப் போகும் வழியில் சைக்கிளை வேலியில் சாத்திவிட்டு வருவான். நான் விறாந்தைக் கதிரையில் இருப்பேன்.

"கண்ணை மூடுங்கோ அத்தான். கள்ளமாப் பார்க்கக் கூடாது."

"உன்ட முகத்தை ஆர் பார்க்கிறது?"

இறகு தொடும். "தெரியுது" என்பேன். அவன் குசினிப் பக்கம் திரும்பி, "அக்கா, அத்தானுக்குத் தெரியுதாம்" என்று சத்தமாக அறிவிப்பான். உள்ளே தேங்காய் துருவுகிற சத்தம் ஒரு கணம் நின்று திரும்பத் தொடங்கும். பிறகு யாராவது அயலவர் வந்திருந்தால் யோகன் போத்தல் கதையைச் சொல்வான். "நான் உப்புப் போட்டிருக்காட்டி அழுகியெல்லோ போயிருக்கும்" என்று முடிப்பான். நான் ஓம் என்பேன். அவன் சொல்லும்போது நான் சிரிக்க வேண்டிய இடம் எனக்குத் தெரியும். இதுவரை அந்த இடத்தைத் தவறவிட்டதில்லை.

கொஞ்ச நாளாகக் கண்ணுக்குக் கீழே ஒரு மாதிரி இருக்கிறது. நோ இல்லை. முகம் கழுவும்போது அந்த இடத்தில் தண்ணீர் விழுவது வேறு யாரோ முகத்தில் விழுவதுபோல இருக்கிறது. கொய்யாக்காய் கடித்த நாளில் பல் இருந்ததுபோல. எனக்கு இந்த வழி தெரியும்; நான் இதில் வந்திருக்கிறேன். ஆனாலும் அவன் வரும் நேரத்தை வைத்து, மூச்சுக் கிட்ட வருவதை வைத்து, கருவாட்டு மணம் மூக்குக்கு நேரே வந்து நிற்பதை வைத்து, "தெரியுது" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். டிக்கட் பரிசோதகருக்குப் பழைய டிக்கட்டைக் காட்டுகிறவனைப் போல.

இன்றைக்குக் காலையிலும் வந்தான். கண்ணை மூடச் சொன்னான். மூடினேன். மணம் கிட்ட வந்தது. மூச்சு முகத்தில், வலப்பக்கத்தில், பட்டது.

"கூசுதடா. தெரியுது," என்றேன்.

அவன் குசினிப் பக்கம் திரும்பி அறிவிக்கவில்லை. பிறகு மிகவும் மெதுவாகச் சொன்னான்.

"நான் இன்னும் தொடேல்ல அத்தான்."

உள்ளே தேங்காய் துருவுகிற சத்தம் நின்றிருந்தது. நான் கண்ணைத் திறக்கவில்லை. திறந்தால் அவன் முகத்தைப் பார்க்க வேண்டிவரும்; அவன் முகத்தைப் பார்த்துவிட்டால் எனக்குப் பகிடி வராது.

"அப்ப தொடு," என்றேன்.

தொட்டிருப்பான்.